மூன்றாம் ஓலைக்கு முன்

என் இடுப்பு மூட்டு தானாக நழுவவில்லை. நான்தான் நழுவ வைத்தேன்.

இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அறுவை செய்த டாக்டரிடம் சொல்லவில்லை. மாதம் தவறாமல் வீட்டுக்கே வந்து எனக்கு நற்கருணை கொடுக்கும் சாமியாரிடம் சொல்லவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தி, குளிப்பாட்டி, தலை வாரிவிட்டு, பச்சைப் பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்ளும் என் மகள் பிலோமினாவிடம் சொல்லவே இல்லை... உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ. உங்களால் என்னைத் தண்டிக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. அந்தச் சௌகரியத்துக்காகத்தான் உங்களிடம் வந்தேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

என் பெயர் மிக்கேலம்மாள். தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் வீடு. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அதனால் எழுத்து வரும். என் புருஷன் தோணியில் தண்டல், ஆட்களை வைத்துத் தோணியைச் செலுத்தும் தலைவர். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்த காலத்தில், சரக்கைத் தோணியில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்தவர். புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் கரையோடு கட்டத் தொடங்கிய வருடமே மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு நானும் பிலோவும் மட்டும்.

என் வலது இடுப்பு அதற்கு முன்பே தேயத் தொடங்கியிருந்தது. அவர் போன பிறகு நடையே நின்றுபோயிற்று. மதராசில் ஒரு பெரிய டாக்டர் தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு இரும்பில் செய்த குமிழைப் பொருத்துகிறார் என்று யாரோ சொல்ல, பிலோ பிடிவாதமாக என்னை ரயிலேற்றிவிட்டாள். எங்கள் தெருவில் யாரும் கேள்விப்படாத வைத்தியம் அது. திரும்பி வந்தபோது என்னை ஏதோ சர்க்கஸ் வந்ததைப்போல வந்து வந்து பார்த்தார்கள். தட்டிப் பார்த்தால் சத்தம் கேட்குமா என்று ஒருத்தி கேட்டாள். கிறுக்கி!

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, கையை மடக்கிக் கிண்ணம் போலக் காட்டி, மறுகை முட்டியை அதற்குள் வைத்து விளக்கினார். சதை கெட்டிப்படும்வரை குமிழ் கிண்ணத்தில் சும்மா உட்கார்ந்துதான் இருக்கும். தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது, முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது. கீழே கிடப்பதைக் குனிந்து எடுக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மல்லாந்து படுத்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லுங்கள், இதில் எதைச் செய்யாமல் நம் வீட்டுப் பெண்களால் ஒரு பொழுதைக் கழிக்க முடியும்? சோறு தின்பது தரையில். அரைப்பது, அரிவது, துவைப்பது எல்லாம் குத்தவைத்து. கக்கூசும் அப்படியே. கோயிலுக்குப் போனால் முழங்காலில் நிற்க வேண்டும். தாழ உட்கார்ந்து, குனிந்து, பாதத்தையும் உள்ளே திருப்பினால் குமிழ் நிச்சயம் வெளியே வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். மற்ற எல்லாவற்றையும்விட அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பிலோ வீட்டையே எனக்காக உயர்த்தினாள். தோணி கட்டும் ஓடாவி ஒருவரை அழைத்துவந்து கட்டிலின் கால்களுக்குக் கட்டை கொடுத்தாள். கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி ஒன்றும், நடுவில் ஓட்டை போட்ட இன்னொன்றும் செய்யச் சொன்னாள்.

அந்த ஓடாவி அளவெடுத்துக்கொண்டே கேட்டார். "மயினி, இது உக்காருததுக்கா, இல்ல நின்னுக்கிட்டே தூங்குததுக்கா?"

"ஒமக்கு ஒரு நா இடுப்பு ஒடியட்டும், அப்பம் தெரியும்" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

எழும்போது வலது காலை முன்னால் நீட்டி, கைப்பிடியை ஊன்றி எழ வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்ப வேண்டும். வாசற்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். பிலோ என் பின்னால் நின்று, இடுப்பில் கைகொடுத்தபடி, "ஏறுதப்போ நல்லது... எறங்குதப்போ கெட்டது..." என்று ஜெபம்போலச் சொல்லிக்கொண்டே வருவாள். செருப்பை மாட்டிவிடுவாள். பாதத்தைக் கழுவித் துடைத்துவிடுவாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தச் சில வாரங்களில்தான். அவர் செத்ததிலிருந்து என்னை யாரும் தொட்டதில்லை. விதவையை யார் தொடுவார்கள்? ஒரு தோளில் கை போட, ஒரு கையைப் பிடிக்க ஆளில்லாமல், கட்டிலில் ஒரு பாதி வெறுமையாக, பிலோ வெளியே போய்விட்டால் வாய்பேசச் சுவர் மட்டும் இருந்த வீட்டில், திடீரென்று காலை முதல் இரவுவரை என் மகளின் கை என்மேல் இருந்தது! என் வலியை நான் நேசித்தேன். இது எவ்வளவு கேவலமான வாக்கியம் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் லூர்துவின் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள்.

லூர்து கப்பலில் வேலை பார்த்தவன். பம்பாயில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். அமைதியான பையன், குடி கிடையாது. விடுமுறை முடிவதற்குள் கல்யாணத்தை முடித்துக்கொண்டு பிலோவைப் பம்பாய்க்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பிலோவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவன் வந்துபோன அன்று என் தலையில் எண்ணெய் வைத்தபோது அவள் விரல்கள் எங்கோ இருந்தன. எனக்குத் தெரியாதா?

"நான் போயிட்டா உன்னை யாரும்மா பாத்துக்கிடுவா?" என்று ஒருமுறைதான் கேட்டாள்.

"ஏளா, நான் என்ன தொட்டில் பிள்ளையா? பக்கத்து வீட்டுல செலின் மயினி இருக்கா. நீ போ" என்றேன்.

நன்றாகத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அது உண்மையாகவும் இருந்தது. எந்தத் தாய்தான் சொல்ல மாட்டாள்?

எங்கள் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்களின் பெயரை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் மெய்விவாகம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் சொல்வார். மூன்று ஓலையும் வாசித்து முடிந்தால்தான் தாலி.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு நான் வீட்டில் இருந்தேன். பிலோ திரும்பி வந்து கூச்சத்தோடு சிரித்தாள், நானும் சிரித்தேன்.

அந்த வாரம் முழுவதும் அவள் என்னைத் தனியாக இருக்கப் பழக்கினாள். கீழே கிடப்பதை எடுக்க ஒரு கம்பின் நுனியில் கொக்கி மாட்டிக் கொடுத்தாள். செருப்பை அந்தக் கம்பால் இழுத்துக் காலை நுழைக்கச் சொல்லிக் கொடுத்தாள். உயரமான மேசையில் அடுப்பை ஏற்றி வைத்தாள். நான் ஒன்றைத் தனியாகச் செய்துவிட்டால் கைதட்டுவாள். "பாத்தியா, உனக்கே வருது!" என்பாள். நான் ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டதும் அந்த வேலைக்கு அவள் கை வேண்டாமல் போயிற்று. நான் கற்கக் கற்க அவள் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் எனக்கு நன்றாகவே வந்த ஒன்றை வராததுபோலக் கம்பைக் கீழே போட்டேன். அவள் பொறுமையாக எடுத்துக் கொடுத்துத் திரும்பவும் செய்யச் சொன்னாள்.

இரண்டாம் ஓலைக்கு நானே கோயிலுக்குப் போனேன். என் நாற்காலியை முன்கூட்டியே கொண்டுபோய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது கோயில் முழுவதும் முழங்காலில் விழுந்தது. நான் ஒருத்தி மட்டும், எல்லாத் தலைகளுக்கும் மேலே, அந்த உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் முக்காடு போட்ட என் மகளின் முதுகு தெரிந்தது. இனி என் நாட்கள் இப்படித்தான் போகும் என்று அப்போது விளங்கியது. ஓலை வாசித்தார்கள். தடை அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்றார் சாமியார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்த வாரம்... ஒரு மத்தியானம்.

பிலோ கல்யாணச் சட்டைக்கு அளவு சரிபார்க்கத் தையற்காரரிடம் போக வேண்டியிருந்தது. காலையில் வாங்கிய விளமீன் சட்டியில் கிடந்தது. சுத்தம் செய்ய அவளுக்கு நேரமில்லை.

"யம்மா, மீனை நான் வந்து கழுவிக்கிடுதேன். நீ அடுப்பங்கரை பக்கம் போவாத. ஒரு ஓட்டம் போயிட்டு வாரேன்."

"போயிட்டு வா."

கதவு சாத்தப்பட்டது. வெயில். தெருவில் ஓர் ஆள் இல்லை. துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வீட்டைப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு அடுப்பங்கரை. அவர் படம். பிலோவின் பெட்டி ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. நான் பேசினால் பதில் சொல்ல ஆளில்லாத சத்தம் எப்படி இருக்கும் என்று பார்க்க, "பிலோ" என்று ஒருமுறை கூப்பிட்டேன். வாய்விட்டு, கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டேன்.

பிறகு எழுந்தேன். வலது காலை முன்னால் நீட்டி, கைப்பிடியை ஊன்றி, சொல்லிக்கொடுத்தபடியே ஒழுங்காக எழுந்தேன். தடியை ஊன்றி அடுப்பங்கரைக்குப் போனேன். மூலையில் அரிவாள்மணை சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் நான் வருடக்கணக்காக உட்கார்ந்து மீன் அறுத்த பலகை, தரையோடு தரையாகக் கிடந்தது.

நிலையைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தேன்.

நான் கிறுக்கி இல்லை, புத்தி தெளிவாகவே இருந்தது. என்ன நினைத்தேன் தெரியுமா? கொஞ்சம் வலிக்கும். மதராசில் திரும்பப் பொருத்திவிடுவார்கள். அதற்குள் லூர்துவின் விடுமுறை முடியும். அடுத்த விடுமுறைவரை கல்யாணம் தள்ளிப்போகும். அதுவரை பிலோ என்னோடு இருப்பாள். அவ்வளவுதான் கேட்டேன்... இன்னும் கொஞ்ச காலம். அதற்குமேல் ஆசைப்படவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் என் சத்தியத்துக்கு இனி என்ன மதிப்பு?

வலது முழங்காலை மார்பருகே இழுத்தேன். பாதத்தை உள்ளே திருப்பினேன். முன்னால் குனிந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூட்டு கெட்டிப்பட்டிருந்தது! அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கடவுள் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் இன்னும் குனிந்தேன்.

அந்தச் சத்தத்தை உங்களிடம் விவரிக்க மாட்டேன். பக்கவாட்டில் விழுந்தேன். கால் எனதில்லாததுபோல உள்ளே மடங்கிக் கிடந்தது. உயிர் போகும் வலி. ஆனால் நான் கத்தவில்லை. ஏன் தெரியுமா? இதுதான் நான் சொல்ல வந்தது... மற்றதையெல்லாம்கூட ஒரு தனிமைக்காரியின் பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் விட்டுவிடலாம், இதை விட முடியாது. நான் கையை நீட்டி மீன்சட்டியை என் பக்கம் இழுத்தேன். எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை நகர்த்தி, மறுபடி இழுத்தேன். ஒரு மீனை எடுத்து மணைக்குப் பக்கத்தில் போட்டேன். நகத்தால் கீறி விரல்களில் செதிளை ஒட்டவைத்துக்கொண்டேன்.

அதன்பிறகுதான் கத்தினேன்.

நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் எனக்காகச் சொன்னார்கள். செலின் மயினிதான் முதலில் ஓடிவந்தாள். சட்டியைப் பார்த்தாள், மணையைப் பார்த்தாள்.

"மீனு கெட்டுப்போவுமேன்னு உக்காந்திருக்கா பாருங்க. இவளுக்குக் கை சும்மா இருக்குமா? நாக்காலில உக்காந்து யாருதான் மீனு அறுப்பா?" என்று கூட்டத்திடம் சொன்னாள்.

அது எல்லாருக்கும் நியாயமாகப்பட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் மீனைச் சட்டியில் கிடக்க விடமாட்டார்கள். கால் இல்லாதவளும் தவழ்ந்துபோய் அறுப்பாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிலோ வந்தாள். கையில் அந்தச் சட்டைப் பொட்டலம். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் விரலிலிருந்த செதிளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "நான் மீனை வச்சிட்டுப் போயிருக்கக் கூடாதும்மா" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மதராசில் மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே தள்ளினார்கள். ஆனால் கிண்ணமே ஆட்டம் கண்டுவிட்டதாம். கால் குட்டையாகிவிட்டது. இரண்டு தடிகளை ஊன்றி, ஒருவர் பிடித்துக்கொண்டால், கட்டிலிலிருந்து நாற்காலிவரை போகலாம். அதற்குமேல் இல்லை என்றார் டாக்டர். நான் நடித்துக் கேட்டதை நிஜமாகவே கொடுத்துவிட்டார்கள்.

எப்படி நடந்தது என்று அவர் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் பிலோ சொன்னாள். அவர் கோபமாக அவளைத்தான் பார்த்தார்.

"எத்தனை தடவை சொன்னேன்? வயசானவங்களுக்குப் பழக்கம் விடாது. தாழ்வான சாமானைக் கண்ணுல படாம எடுத்து வைக்க வேண்டியது உங்க பொறுப்பு இல்லையா?"

"தப்புதான் டாக்டர்" என்றாள் என் மகள்.

நான் அங்கேதான் படுத்திருந்தேன். ஒரு கை தூரம். எனக்கு வாய் இருந்தது. ஓடாவியிடம் பேசத் தெரிந்த வாய், தெருவே பயப்படும் வாய். அது அன்று திறக்கவில்லை. அப்போது ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். நானே கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. லூர்து வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான். அடுத்த விடுமுறைக்கு வந்தான். பிலோ அவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. அவன் வேறு ஊரில் பெண் பார்த்துக் கட்டினான். அந்தக் கல்யாணத்துக்குப் பிலோ போய், பந்தியில் பரிமாறிவிட்டு வந்தாள்.

அவள் மீன் தின்பதில்லை. மாதாவிடம் நேர்ந்துகொண்டாளாம். கடற்கரையில் பிறந்த பெண், வாசலில் துள்ளத்துள்ள மீன்கூடை போகிறது, வெறும் ரசத்தை ஊற்றிப் பிசைந்து தின்கிறாள். எனக்கு மட்டும் செலின் மயினி வீட்டிலிருந்து குழம்பு வாங்கிவந்து ஊட்டுவாள். நான் அதையும் விழுங்குகிறேன்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கை நாளெல்லாம் என்மேல் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டைப்போல ஆளரவமற்ற இடம் உலகத்தில் இருக்குமா தெரியவில்லை. அவள் என்னிடம் பேசுவதெல்லாம் காலைப் பற்றித்தான். வலிக்குதா, நீட்டட்டுமா, தூக்கட்டுமா. நான் அவளை நிமிர்ந்து பார்த்துப் பேசி எவ்வளவோ காலமாயிற்று. ஒரே வீட்டில் நாங்கள் இருவரும் தனித்தனியாகக் குடியிருக்கிறோம்.

சாமியார் வரும்போது பாவசங்கீர்த்தனம் கேட்பார். "கோவப்பட்டேன் சாமி, பிள்ளையை ஏசினேன் சாமி" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே பாவமன்னிப்புக் கொடுப்பார். பாவத்தை மறைத்துவிட்டு வாங்கும் நற்கருணை அதைவிடப் பெரிய பாவம் என்று மடத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தேதான் நாக்கை நீட்டுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். பிலோவோடு படித்தவளாம். வாசலில் நின்றே பேசினார்கள். மெதுவாகத்தான் பேசினார்கள், ஆனால் படுத்தே கிடப்பவளுக்குக் காது கூர்மை.

"எங்க அண்ணனுக்கு உன்னையத்தான் புடிச்சிருக்கு பிலோ. அம்மாவையும் கூட வச்சிக்கிடலாம்னுதான் சொல்லுதான். வீடும் இங்கனதான, ரெண்டு தெரு தள்ளி. என்ன சொல்லுத?"

 என்னையும் கூட்டிக்கொள்வானாம்! இதைவிட எனக்கு என்ன வேண்டும்? சரியென்று சொல், சொல் என்று மனத்துக்குள் கெஞ்சினேன்.

 பிலோ சொன்னாள்.

"வேண்டாம்ளா. கல்யாணச் சட்டை, கல்யாணப் பேச்சுன்னு மனசு வெளிய போன ஒரு மத்தியானத்துலதான் எங்கம்மாவ நான் மொடமாக்கினேன். எனக்கு அந்த ஆசையே வரக்கூடாதுன்னு இருக்கேன். உங்க அண்ணன் நல்லா இருக்கட்டும்."

ஒரு வார்த்தை போதும். கட்டிலிலிருந்து நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் விடுதலையாகிவிடுவாள். என்னை வெறுப்பாள், முகத்தில் காறித் துப்புவாள், என்னை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம்... போகட்டுமே! அந்தப் பெண் இன்னும் வாசலில்தான் நின்றாள். கூப்பிட்டால் கேட்கும்.

"ஏளா பிலோ" என்று கூப்பிட்டேன். குரல் நன்றாகவே வந்தது.

அந்தப் பெண் விடைபெற்றுக்கொண்டு படியிறங்குவது கேட்டது. பிலோ உள்ளே வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வந்தாள்.

"என்னம்மா?"



"யாரு வந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரு தப்பி வந்துட்டாங்கம்மா. வழி சொல்லி அனுப்பிச்சேன்."

என் மகள் என்னிடம் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லது" என்றேன்.